கார் இன்ஜினில் மிஸ்ஸிங்: இன்ஜினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் பிரிவுக்கு வரும் மனுக்களில் வண்டிச் செலவுக்கான மனுக்கள் எப்போதும் சில இருக்கும். வாடகைக் கார், பள்ளி வேன், சரக்கு ஏற்றும் ஆம்னி என்று ஒரு வண்டியை நம்பிக் குடும்பம் நடத்தும் சகோதரர்கள்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் எஸ்டிமேட்டில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது "இன்ஜின் மிஸ்ஸிங், இன்ஜின் வேலை" என்ற ஒரே வரி. அதற்கு எதிரே பெரிய தொகை. எந்த சிலிண்டர், என்ன சோதித்தார்கள், என்ன காரணம் என்று ஒரு வார்த்தையும் இருக்காது.

அப்படி வந்த ஒரு மனுவில், ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். பணம் கொடுப்பதற்கு முன் வேறொரு மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் மட்டும் பார்த்து வரச் சொன்னோம். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் ஒன்றுபோல், நல்ல அளவில் இருந்தது. ரிங்கில் கோளாறே இல்லை. மூன்றாவது சிலிண்டரின் இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. ஒரு சாண் ஒயர், கொஞ்சம் ஈயப்பற்று, அரை நாள் வேலை. கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லாமல் அந்தச் சகோதரர் மறுநாள் சவாரிக்குப் போனார். எல்லா மனுவும் இப்படி முடிவதில்லை. உண்மையிலேயே இன்ஜின் பிரிக்க வேண்டிய வண்டிகளும் உண்டு. ஆனால் எது எது என்று பிரிக்கும் முன்பே தெரிந்துகொள்ள முடியும். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மிஸ்ஸிங் என்றால் என்ன?

சந்தூக்கை நான்கு பேர் தோள் கொடுத்துத் தூக்கிப் போகும்போது ஒருவர் தோளை விலக்கிக்கொண்டால் மற்ற மூவரும் எப்படியோ சுமந்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அந்த மூலை தாழும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் நடப்பது அதுதான். வண்டி ஓடும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடுமாற்றம் இருக்கும். நான்கு சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலானவை 1-3-4-2 என்ற வரிசையில் எரிகின்றன. நிமிடத்துக்கு 750 சுற்று ஐடிலிங்கில் ஒவ்வொரு சிலிண்டரும் 375 முறை, அதாவது வினாடிக்கு ஆறு முறைக்குச் சற்று மேல், எரிய வேண்டும். அதில் நாலைந்து தவறினாலே ஸ்டீயரிங்கில் கை வைத்தவருக்குத் தெரிந்துவிடும். ஆம்னி, ஆல்ட்டோ, வேகன் ஆர் போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளில் ஒன்று நின்றால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். மேம்பாலம் ஏறவே திணறும்.

சிலிண்டர் எரிய மூன்று வேண்டும். சரியான நேரத்தில் பொறி வேண்டும். சரியான அளவில் பெட்ரோலும் காற்றும் வேண்டும். அந்தக் கலவையைக் கசியவிடாமல் அழுத்திப் பிடிக்கும் சிலிண்டர் வேண்டும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: நடுக்கம், பிக்கப் குறைவு, சைலன்சரில் பெட்ரோல் வாடை, மைலேஜ் இறக்கம். அதனால்தான் காதால் கேட்டு மட்டும் காரணம் சொல்ல எந்த மெக்கானிக்காலும் முடியாது.

நடுக்கம் எல்லாமே மிஸ்ஸிங்கும் அல்ல. இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தாலும் வண்டி நடுங்கும். வித்தியாசம் அறிய வண்டியின் பின்னால் போய் சைலன்சர் சத்தத்தைக் கேளுங்கள். மவுண்டிங் கோளாறானால் சத்தம் சீராக இருக்கும். மிஸ்ஸிங் என்றால் புகை வரும் தாளத்தில் இடையிடையே ஒன்று விழாமல் போகும். பழைய மெக்கானிக்குகள் ஒரு துண்டுக் காகிதத்தை சைலன்சர் வாய்க்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். சீராகத் தள்ளினால் நல்லது. நடுநடுவே காகிதம் உள்பக்கம் இழுபட்டால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். இன்றைக்கும் அது உபயோகமான சோதனைதான்.

மஞ்சள் விளக்கு மின்னினால்

டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது நிலையாக எரிவதற்கும் விட்டுவிட்டு மின்னுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நிலையாக எரிந்தால் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது, விரைவில் காட்டுங்கள் என்று பொருள். பெரும்பாலான வண்டிகளில் அது மின்னினால், இப்போதே மிஸ்ஸிங் நடக்கிறது, அது சைலன்சரில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு இருக்கிறது என்று பொருள்.

எரியாத சிலிண்டரில் போன பெட்ரோல் எங்கே போகும்? அப்படியே சைலன்சர் குழாய்க்குள் போகும். அங்கே கன்வெர்ட்டர் இருக்கிறது. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பொருள் அது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. இன்று எல்லாப் பெட்ரோல் காரிலும் உண்டு. சாதாரணமாக ஓடும்போதே உள்ளே பல நூறு டிகிரி சூடு இருக்கும். எரியாத பெட்ரோல் அங்கே போய் எரியத் தொடங்கினால் சூடு மிக வேகமாக ஏறும், கன்வெர்ட்டர் செக்கச் சிவந்துவிடும். பீங்கான் உருகி அடைத்துக்கொண்டால் பிறகு புகை வெளியே போக வழியில்லாமல் இன்ஜினே மூச்சு முட்டும். சில நூறு ரூபாய் பிளக்கைத் தள்ளிப்போட்டதால் பல ஆயிரம் ரூபாய் கன்வெர்ட்டர் போவது இப்படித்தான்.

நம் பகுதியில் இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சம்பா அறுவடை முடியும் தை, மாசி மாதங்களில் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் கிராமச் சாலைகளில் பாதி அகலம் நெல் காயும். பல இடங்களில் வைக்கோலும் கிடக்கும். அதன்பின் தரிசில் விதைத்த உளுந்தும் பயறும் பிடுங்கி, வண்டிச் சக்கரம் ஏறி உதிரட்டும் என்று செடியோடு சாலையில் பரப்புவார்கள். அந்தச் சருகு காரின் அடியில் சுற்றிக்கொண்டால் அது உராயும் இடம் கன்வெர்ட்டரும் சைலன்சர் குழாயும்தான். மிஸ்ஸிங் இல்லாத வண்டிக்கே இது ஆபத்து. மின்னும் விளக்கோடு, சிவந்த கன்வெர்ட்டரோடு அந்தச் சருகின் மேல் போய் நிறுத்துவதை எண்ணிப் பாருங்கள். வைக்கோல் பரப்பிய சாலையைத் தவிர்க்க முடியாவிட்டால், தாண்டியதும் வண்டியை வெறுந்தரையில் நிறுத்தி அடியில் குனிந்து பார்த்து, சிக்கியதை ஒரு குச்சியால் எடுத்துவிடுங்கள். கையை விடாதீர்கள். குழாய் சுடும். புகை வந்தால் முதலில் ஆட்களை இறக்குங்கள்.

வழியில் விளக்கு மின்னத் தொடங்கினால் ஆக்சிலேட்டரைக் குறையுங்கள், ஏ.சி.யை நிறுத்துங்கள். சுமை குறைந்ததும் மின்னுவது நின்றால் மெதுவாக அருகிலுள்ள பட்டறை வரை போகலாம். நிற்கவில்லை என்றால் ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். நோயாளியை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் வழியில் இப்படி ஆனால், எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று ஓட்டுவதைவிட 108-ஐ அழைத்துவிட்டு, எதிரே வரும் வண்டியையும் கேட்பதே நல்லது. பாதி வழியில் வண்டி முற்றாக நின்றால் இழக்கும் நேரம் அதைவிட அதிகம்.

முதலில் எந்த சிலிண்டர்?

பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு ஆகும்" என்பதல்ல, "எந்த சிலிண்டர்" என்பதே. 2013 ஏப்ரலுக்குப் பிந்தைய கார்களில் இதற்கு விடை வண்டியிலேயே பதிவாகியிருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடியில், 16 துளைகள் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் கோடு வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, இப்படியே. பி0300 என்று வந்தால் ஒன்றில் நிற்காமல் பலவற்றில் மாறிமாறி மிஸ்ஸிங் இருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரே சிலிண்டர் என்றால் அந்த சிலிண்டருக்கு மட்டும் உரிய பொருளில் கோளாறு தேட வேண்டும்: அதன் பிளக், காயில், இன்ஜெக்டர், ஒயர், வால்வு. பல சிலிண்டர் என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவானதைத் தேட வேண்டும்: பெட்ரோல் பம்பு, கலப்படப் பெட்ரோல், இன்டேக் பக்கம் காற்றுக் கசிவு, டைமிங்.

ஸ்கேனர் ஒன்றும் அதிசயக் கருவி அல்ல. கிராங்க் சென்சார் இன்ஜினின் சுழற்சியை எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஒரு சிலிண்டர் எரியாதபோது சுழற்சி கண நேரம் தளர்வதைக் கம்ப்யூட்டர் கவனித்து, அது யாருடைய முறை என்று கணக்குப் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. ஆகவே கோடு சொல்வது இடத்தை மட்டும்தான். "பி0303 வந்திருக்கிறது, அதனால் இன்ஜெக்டர் மாற்றணும்" என்று யாராவது சொன்னால், இன்ஜெக்டர் என்று எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். போனோடு இணைக்கும் சிறிய ஸ்கேனர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. கோடு பார்க்க அதுவே போதும்.

இடம் தெரிந்தபின் செய்ய வேண்டியது இடமாற்றுச் சோதனை. இதற்குப் புதுப் பொருள் எதுவும் வாங்க வேண்டாம். மூன்றாவது சிலிண்டரில் கோளாறு என்றால் அதன் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போட்டு, முதலாவதின் காயிலை மூன்றில் போடுங்கள். கோடை அழித்துவிட்டு வண்டியை ஓட்டுங்கள். இப்போது பி0301 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0303 அப்படியே நின்றால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள். அதுவும் நல்லதானால் இன்ஜெக்டர், ஒயர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். காயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றையும் ஒரே நாளில் புதிதாக மாற்றி "சரியாகிவிட்டது" என்று சொல்லும் பட்டறை கோளாறைக் கண்டுபிடிக்கவில்லை. அதற்கான கூலியையும் சேர்த்து நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். கழற்றிய பழைய பொருளை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள்.

ஸ்கேனர் சாக்கெட் இல்லாத பழைய ஆம்னி, மாருதி 800 போன்றவற்றில் வண்டியை ஐடிலிங்கில் வைத்து ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பதே வழி. வேலை செய்யும் சிலிண்டரை நிறுத்தினால் இன்ஜின் வேகம் சட்டென்று இறங்கும். ஏற்கெனவே செத்த சிலிண்டரை நிறுத்தினால் ஒரு மாற்றமும் தெரியாது. இதற்காக ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரைக் கையால் உருவும் பழக்கம் நம் ஊரில் நிறைய உண்டு. அந்த ஒயரில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அதைச் செய்ய வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலும் நிற்கக் கூடாது. இன்ஜெக்டர் உள்ள வண்டியானால் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றிச் சோதிப்பதே சிறந்தது. பெட்ரோலும் நின்றுவிடும், கன்வெர்ட்டருக்கும் கேடு இல்லை.

எலி, மழை, மார்கழிப் பனி

காயிலும் பிளக்கும் எந்த ஊரிலும் கெடும். நெல் விளையும் ஊருக்கென்று தனியாக இருக்கும் கோளாறு எலி. வயலில் கதிர் நிற்கும் வரை எலிக்கு வேறு இடம் தேவையில்லை. நம் விவசாயிகள் மூங்கிலில் செய்த தஞ்சாவூர் கிட்டியை வரப்போரம் வரிசையாக வைத்தும், ஆந்தை வந்து உட்காரக் குச்சி நட்டும் அதோடு மல்லுக்கட்டுவார்கள். அறுவடை இயந்திரம் வந்து வயல் வெறுமையானதும் அது வீடுகளையும் கொட்டகைகளையும் தேடி வருகிறது. இன்ஜின் ஓடி நின்ற காரின் பானெட்டுக்குள் கதகதப்பு, இருட்டு, நாயும் பூனையும் நுழைய முடியாத பாதுகாப்பு மூன்றும் இருக்கின்றன. எலியின் பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கொறித்தாக வேண்டும். இன்ஜெக்டர், காயில், ஆக்சிஜன் சென்சார் ஒயர்கள் வாய்க்கு வாகாக அமைகின்றன.

எலிக் கடியைக் கண்டுபிடிப்பதில் சிரமம் என்னவென்றால் ஒயர் முழுதாக அறுந்திருக்காது. மேல் உறை மட்டும் போய், உள்ளே நாலு இழை மிஞ்சியிருக்கும். வண்டி நிற்கும்போது சரியாக ஓடும், குழியில் இறங்கினால் மிஸ்ஸாகும். அல்லது வெயிலில் சரி, ஈரத்தில் கோளாறு. இப்படி வந்துபோகும் மிஸ்ஸிங்குக்கு எந்தப் பொருளையும் மாற்றும் முன் பகலில் பானெட்டைத் திறந்து, பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, ஒயர்க் கட்டை டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். எலிப் புழுக்கை, வைக்கோல் துணுக்கு, நெல் உமி, பிய்ந்த பஞ்சு கண்ணில் பட்டால் சந்தேகம் உறுதியாகும். இன்ஜின் ஓடும்போது, ஃபேன் பெல்ட்டில் படாமல், ஒயர்க் கட்டை ஒரு மரக்குச்சியால் மெதுவாக அசைத்தால் மிஸ்ஸிங் வந்துவந்து போகும். கடிபட்ட இடத்தை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது ஒரு மாதம் தாங்கும். ஈயம் வைத்துப் பற்றி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டால்தான் நிற்கும். முழு ஒயரிங்கையும் மாற்ற வேண்டும் என்று சொல்வது பல நேரங்களில் தேவையற்றது. இரண்டு மூன்று ஒயர் மட்டும் போயிருந்தால் ஒட்டிவிடலாம்.

புகையிலைக் காம்பு, நாப்தலின் உருண்டை, ஸ்பிரே என்று பலரும் பலதைச் சொல்கிறார்கள். வாடை இருக்கும் வரை பலன் இருக்கலாம். இன்ஜின் சூட்டில் வாடை சீக்கிரம் போய்விடும். எங்கள் அனுபவத்தில் கைகொடுப்பது வேறு: நெல் மூட்டையும் தவிடும் உள்ள கொட்டகையில் காரை விடாதிருப்பது, கீழே திறந்திருக்கும் வழிகளில் கம்பி வலை கட்டுவது, இரண்டு மூன்று நாளுக்கொரு முறையாவது வண்டியைக் கிளப்பி நகர்த்துவது. எலி மருந்தைப் பானெட்டுக்குள் வைக்காதீர்கள். செத்த எலி ஏ.சி. குழாய்க்குள் கிடந்தால் அந்த வாடை எளிதில் போகாது.

ஐப்பசி, கார்த்திகையில் காரணம் மாறும். தெருவில் முழங்கால் நீர் நிற்கும்போது வேகமாகப் போனால் தண்ணீர் எகிறி இன்ஜின் மேல் விழும். பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் நீர் தேங்கினால் பொறி பிளக்கின் நுனிக்குப் போகாமல் ஈரத்தின் வழியே பக்கவாட்டில் தாவிவிடும். வாட்டர் சர்வீஸ் செய்தபோது பானெட்டுக்குள் பைப்பைப் பிடித்ததாலும் இதுவே நடக்கும். காயிலைக் கழற்றி, குழியைக் காற்றடித்து உலர்த்திய பிறகே பிளக்கைத் திருக வேண்டும். இல்லாவிட்டால் தேங்கிய நீரும் மண்ணும் நேரே சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீரில் ஓடி வண்டி அப்படியே நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. காற்றுக் குழாய் வழியே சிலிண்டருக்குள் நீர் போயிருந்தால், நீரை அழுத்த முடியாது என்பதால், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் ஃபில்டரைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பிளக் ஒயரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள பழைய வண்டிகள் மார்கழிப் பனியில் சுபுஹு நேரத்தில் மிஸ்ஸாகி, வெயில் ஏறியதும் சரியாகிவிடும். வெடித்த ஒயரும் விரிசல் விட்ட கேப்பும்தான் காரணம். இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. இருட்டில் பானெட்டைத் திறந்து வண்டியைக் கிளப்பினால் மின்சாரம் கசியும் இடத்தில் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும்.

பிளக்கைக் கழற்றினால் அதன் முகத்தைப் பார்க்காமல் எறிந்துவிடாதீர்கள். லேசான பழுப்பு நிறம் நல்ல எரிப்பு. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி விழவில்லை. எண்ணெய் பூசினாற்போல் இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் வழியே ஆயில் வருகிறது. எல்லாம் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல வெளுத்திருந்தால் அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் கசிகிறதா என்று பாருங்கள். பிளக்கின் இடைவெளி வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் உள்ளபடி வைக்க வேண்டும். போலிப் பிளக் சந்தையில் நிறைய இருப்பதால் தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள்.

வளைகுடாவில் மகன், கொட்டகையில் கார்

ராஜகிரி, பண்டாரவாடை, வழுத்தூர், அய்யம்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் என்று நம் ஊர்களில் ஒரு வகைக் கார் உண்டு. பிள்ளை விடுப்பில் வரும்போது ஓடும். திருச்சி விமான நிலையத்தில் அவரை விட்டுவிட்டு வந்ததும் அடுத்த வருடம் வரை கொட்டகையில் நிற்கும். கிலோமீட்டர் குறைவு, பார்க்கப் புதிது. ஆனால் மிஸ்ஸிங் வருகிறது. இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நின்றால் நீர் சேர்ந்து அடியில் தனியே பிரியவும், பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டர் துளையை அடைக்கவும் வாய்ப்புண்டு. இந்த வண்டிகளில் பல சிலிண்டர் கோடு வந்தால் முதலில் பழைய பெட்ரோலை இறக்கிப் புதிது ஊற்றிப் பாருங்கள். அதன் பிறகு பம்பு அழுத்தம், பிறகு இன்ஜெக்டர் சுத்தம். ஊரில் இருப்பவர்கள் வாரம் ஒரு நாள் பத்து கிலோமீட்டராவது ஓட்டினால் இதில் பாதி வராது. நிறுத்திவைத்து ஐடிலிங்கில் ஐந்து நிமிடம் ஓடவிடுவது போதாது, இன்ஜின் முழுச் சூடு ஏற வேண்டும்.

கேஸில் ஓடும் வாடகை வண்டிகளுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கேஸில் மிஸ்ஸாகிறது, பெட்ரோலுக்கு மாற்றினால் சரியாக ஓடுகிறது என்றால் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. கேஸைப் பற்றவைக்கப் பொறிக்கு அதிக பலம் தேவை என்பதால் தேயும் பிளக்கும் தளரும் காயிலும் முதலில் கேஸில்தான் காட்டிக்கொடுக்கும். அவை நன்றாக இருந்தால் கேஸ் இன்ஜெக்டரையும் ஃபில்டரையும் பாருங்கள். இரண்டிலும் மிஸ்ஸானால் கேஸ் வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து வால்வு இடைவெளி குறைவது வழக்கம், அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகத்தான் கம்ப்ரஷன்

பொறியும் பெட்ரோலும் சரி என்று உறுதியான பிறகே கம்ப்ரஷன் கேஜ் வர வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லாப் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் பொறியையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுதாக அமுக்கி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாலைந்து சுற்று ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டும். நல்ல பெட்ரோல் இன்ஜினில் ஏறக்குறைய 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை காட்டும். அளவு எவ்வளவு என்பதைவிட ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதே முக்கியம். மூன்று 170 காட்டி ஒன்று 90 காட்டினால் சிக்கல் அங்கேதான். அந்த சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் அளவு ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். கூலன்ட் குறைவதும் காலையில் வெள்ளைப் புகையும் கூட இருந்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். வால்வுக் கோளாறுக்கு ஹெட் வேலை போதும், முழு இன்ஜினையும் இறக்க வேண்டியதில்லை. எஸ்டிமேட்டில் பெரிய வித்தியாசம் வருவது இந்த இடத்தில்தான். ஆகவே கேஜ் காட்டிய நான்கு எண்களையும் எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

டீசல் வண்டிகளில் பிளக் பொறி கிடையாது. இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும்தான் பார்க்க வேண்டியவை. பழைய டீசல் இன்ஜினில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி சிலிண்டரை நிறுத்திப் பார்ப்பார்கள். காமன் ரயில் டீசலில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. அந்தக் குழாயில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

பழைய கார் வாங்குபவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. சாவியை முதல் கட்டத்தில் திருப்பியதும் மற்ற விளக்குகளோடு இன்ஜின் விளக்கும் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையே துண்டித்திருக்கலாம். கோடை அழித்துவிட்டுக் காட்டுபவர்களும் உண்டு. எனவே இருபது கிலோமீட்டராவது ஓட்டியபின் ஸ்கேன் செய்யுங்கள். வண்டியை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம், காலையில் குளிர்ந்த இன்ஜினை நான் வந்துதான் கிளப்புவேன் என்று சொல்லிவிடுங்கள்.

மிஸ்ஸிங் சரியான பிறகு கோடை அழித்து இரண்டு மூன்று நாள் ஓட்டி மறுபடி பார்க்க வேண்டும். நீண்ட நாள் மிஸ்ஸிங்கோடு ஓடிய வண்டியில் எரியாத பெட்ரோல் ரிங் வழியே கீழே இறங்கி ஆயிலில் கலந்திருக்கும். டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

வண்டிப் பழுதுக்கு வட்டியில்லாக் கடன் கேட்கும் சகோதரர்கள் இனி மனுவோடு ஸ்கேன் கோடையும், இன்ஜின் வேலை என்றால் எல்லா சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவையும் இணைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். இதற்காக ஒரு ஸ்கேனரும் ஒரு கம்ப்ரஷன் கேஜும் வாங்கி அறக்கட்டளை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள் யாரும், எந்தச் சமுதாயத்தவரும், நோட்டில் எழுதிவிட்டு இலவசமாக எடுத்துப்போய் மறுநாள் அஸருக்குள் திருப்பித் தரலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கோடு பார்க்கத் தெரிந்த இளைஞர்கள் இரண்டு பேர் அலுவலகத்தில் இருப்பார்கள்.